‘மருந்துக்குப் படியாத மனச்சோர்வு’ என்று வந்த ஒருவர்: வடசென்னையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வருபவர் காசிமேட்டில் மீன் எடுத்து தண்டையார்பேட்டையில் விற்கும் 47 வயதுப் பெண். எழுதியதை அவருக்கும் மகனுக்கும் வாசித்துக் காட்டி, சரி என்று சொன்ன பிறகே வெளியே தருகிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் வடசென்னையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மனநலப் புறநோயாளர் பிரிவில் சமூகப் பணியாளர். மருந்து பற்றிய முடிவுகள் எங்கள் மனநல மருத்துவர் எடுத்தவை. மற்றவை எல்லாரும் உட்கார்ந்து பேசி எடுத்தவை.

மனச்சோர்வுக்கான புதிய சிகிச்சைகள் பற்றிய செய்தி இப்போது எங்கள் பகுதி வீடுகளுக்கும் வந்துவிட்டது. கெட்டமின், மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே, காந்த சிகிச்சை என்று பெயர் சொல்லியே கேட்கிறார்கள். கேட்பது நல்ல விஷயம். ஆனால் அந்தச் சிகிச்சைகளில் பெரும்பாலானவை யாரை வைத்து ஆராயப்பட்டன என்பது வீடியோவில் வருவதில்லை. பழைய சிகிச்சையைச் சரியாக எடுத்தும் தேறாதவர்களுக்காக வந்தவை அவை. பழைய சிகிச்சையே சரியாகப் போய்ச் சேராதவர்கள்தான் எங்களிடம் அதிகம். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை. மீதிப் பேர் பெற்ற சிகிச்சை எப்படிப்பட்டது என்பது தனிக் கேள்வி. இந்த நிகழ்வு அந்தக் கேள்வியைப் பற்றியது.

பின்னணி

இருபது வருடத்துக்கு மேலாக அவருடைய நாள் நடு இரவு தாண்டி 2 மணிக்கு ஆரம்பிக்கும். காசிமேடு துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே ஏலம் சூடுபிடித்துவிடும். நாலைந்து பெண்கள் சேர்ந்து ஒரு குவியலை எடுத்து, பங்கு பிரித்து, ஐஸ் போட்டு, ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். பதினோரு மணிக்குள் இவர் கூடை காலியாகிவிடும். “எங்கம்மா மனக்கணக்கு போட்டா கால்குலேட்டரே தோத்துரும்” என்று மகன் பிற்பாடு எங்களிடம் சொன்னார். கணவர் விசைப்படகில் தொழில். மகனுக்கு கன்டெய்னர் யார்டில் வேலை. மகளை மீஞ்சூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் வடியவே நாட்கள் ஆயின. ஐஸ் பெட்டி, தராசு, கட்டில், துணிமணி எல்லாம் போனது. மறுபடி முதல் போட தண்டல், அதாவது தினமும் கட்டவேண்டிய வட்டிக் கடன், வாங்கினார். அடுத்த சில மாதங்களில் கணவர் படகில் விழுந்து முதுகில் அடிபட்டு, கடலுக்குப் போவது நின்றது. தண்டல்காரர் தினமும் சாயங்காலம் வாசலில், மகளிர் குழுக் கடன் தவணை வாரா வாரம். 2024 ஏப்ரல் 15-ல் வழக்கம்போல 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்தது. விசைப்படகுகள் கரையில் நின்றன. ஃபைபர் படகுகள் கொண்டுவந்த கொஞ்ச மீனுக்கும் விலை ஏறியது. கையில் முதல் இல்லாதவர் அந்த விலையில் எடுக்க முடியாது.

முதலில் தூக்கம் போனது. அப்புறம் பசி. படபடப்பு, கை கால் ஓய்ச்சல், தலை பாரம். ஒருநாள் ஏலத்தில் நின்றுகொண்டிருக்கும்போது கணக்கு மறந்துபோய், எவ்வளவுக்குக் கேட்டோம் என்றே தெரியாமல் நின்றிருக்கிறார். கூட இருந்தவர்கள் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். ஜூன் 14-ல் தடை முடிந்தும் அவர் துறைமுகத்துக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் போகும் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கும் போகவில்லை. வீட்டில் இதை மாதவிலக்கு நிற்கும் வயதின் கோளாறு என்று எடுத்துக்கொண்டார்கள். சோம்பல் என்று சொன்னவர்களும் உண்டு.

இதய நோயோ என்று பயந்து இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். தெருவில் உள்ள மருத்துவர் ஒருவர் மனச்சோர்வாக இருக்கலாம் என்று சரியாகவே யூகித்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். கேட்கவில்லை என்று இன்னொருவரிடம் போனார்கள். அவர் மருந்தை மாற்றினார். அதுவும் கேட்கவில்லை என்று மகன் ஒரு தனியார் மையத்தில் விசாரித்தார். இரண்டு மருந்துக்கும் படியாத மனச்சோர்வு என்றால் கெட்டமின் டிரிப்தான் வழி என்று அங்கே சொன்னார்களாம். மகளின் கல்யாணத்தில் மிஞ்சியிருந்த இரண்டு வளையலையும் அடகு வைத்தால்தான் அந்தத் தொகை புரளும். அடகுக் கடைக்குப் போகும் முன் இன்னொரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று 2024 ஆகஸ்டில் எங்களிடம் அழைத்து வந்தார்.

வந்த அன்று பார்த்தது

மகன்தான் பேசினார். அம்மா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கேள்வி கேட்டால் பதில் வர நேரம் ஆனது. குரல் கரகரத்து, மெதுவாக வந்தது. முகம் லேசாக உப்பியிருந்தது. ஆகஸ்ட் வெயிலில், ஃபேன் ஓடும் அறையில், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். என்ன பண்ணுதுக்கா என்று கேட்டதற்கு, “ஒடம்பு எனுதே இல்லாத மாரி கீதும்மா” என்றார்.

பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தை வாசித்துக் கேட்டேன். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று கேட்கும் படிவம் அது. மொத்தம் 27 மதிப்பெண். 10-லிருந்து கவனிக்க வேண்டியது, 20-லிருந்து கடுமையானது. அவருக்கு 21 வந்தது. ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதற்கு முன் மகனை வெளியே இருக்கச் சொன்னேன். “தூங்கனா எய்ந்துக்கவே கூடாதுன்னு தோணும். ஆனா புள்ளைங்க கீதுங்களே” என்றார். தன்னை மாய்த்துக்கொள்ளும் திட்டமோ முன்முயற்சியோ இல்லை. ஆனாலும் இதை நாங்கள் லேசாக எடுப்பதில்லை. யாரிடம் முதலில் சொல்வது, ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்று அவர் வாயாலேயே சொல்லவைத்து எழுதினோம். முதல் பெயர் ஓரகத்தியுடையது. அரசின் கட்டணமில்லாத மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ஐ மூன்று பேர் போனிலும் பதிந்தோம். வீட்டில் உள்ள மாத்திரைகள் மகன் பொறுப்பில் இருக்கட்டும் என்று முடிவானது.

மஞ்சப்பையில் இருந்தவை

மாத்திரையை மகன் பொறுப்பில் விடவேண்டும் என்றால் என்னென்ன இருக்கிறது என்று தெரியவேண்டும். வீட்டில் இருப்பதை எல்லாம் எடுத்து வரச் சொன்னோம். அடுத்த முறை ஒரு மஞ்சப்பை வந்தது. அதை மேசையில் கொட்டியதுதான் இந்த நிகழ்வின் திருப்பம்.

எஸ்சிடலோபிராம் 10 மி.கி., மனச்சோர்வு மாத்திரை. பத்து மாத்திரை அட்டை மூன்று வாங்கியிருக்கிறார்கள். ஒன்று காலி. இரண்டாவதில் நாலு குழி மட்டும் திறந்திருந்தது, அதில் இரண்டில் பாதி மாத்திரை மிச்சம். மூன்றாவது பிரிக்கவே இல்லை. முதல் வாரத்தில் குமட்டலும் பதற்றமும் கூடியதால் பாதியாக உடைத்துச் சாப்பிட்டிருக்கிறார், அதுவும் படபடப்பு வந்த நாட்களில் மட்டும். இன்னொரு மனச்சோர்வு மாத்திரையான செர்ட்ரலின் 50 மி.கி. அட்டை ஒன்று முடிந்து, அடுத்ததில் இரண்டு குழி திறந்திருந்தது. ஆகப் பன்னிரண்டு நாள். ஒழுங்காக, ஒரு நாள் விடாமல் போனது ஒரே ஒரு மாத்திரை: அல்பிரசோலம். எழுதிக்கொடுத்தது பத்து நாளுக்கு. தெருமுனை மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கியிருக்கிறார்கள். உடனே தூக்கம் தரும் மாத்திரைதான் அவருக்கு வேலை செய்யும் மாத்திரை. மற்றவை வீண். வீட்டில் யாருக்கும் அதில் சந்தேகமே இல்லை.

மனச்சோர்வு மருந்துகள் வேலையைக் காட்ட இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். பலன் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்க, சரியான அளவில் ஆறு முதல் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். குமட்டலும் பதற்றமும் முதல் வாரத்தில் வரும், பெரும்பாலும் அடங்கிவிடும். இதை ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. வரிசையில் நிற்கும் கூட்டத்துக்கு நடுவே இரண்டு நிமிடத்தில் இதை எல்லாம் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த இரண்டு நிமிடம் இல்லாததால் ஒரு குடும்பம் வளையலை அடகு வைக்கப் போனது.

இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் எடுத்தும் தேறாவிட்டால்தான் மருந்துக்குப் படியாத மனச்சோர்வு என்ற பெயர். இவர் கணக்கில் ஒன்றுகூட ஆகவில்லை.

உப்பிய முகம், கரகரத்த குரல், குளிர். இவற்றைப் பார்த்து மருத்துவர் முதல் நாளே ரத்தப் பரிசோதனைக்கு எழுதியிருந்தார். தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் 19. வழக்கமாக 4, 5-க்குள் இருக்கவேண்டியது, தைராய்டு குறைந்தால் ஏறும். தைராய்டு சுரப்பு நன்றாகக் குறைந்திருந்தது. ஹீமோகுளோபின் 8.6, அதாவது ரத்த சோகையும் இருந்தது. ரத்த அழுத்தம் 150/96. தைராய்டு குறைவே சோர்வு, மறதி, மந்தம், தூக்கக் கோளாறு எல்லாம் தரும். மருந்துக்கு மனச்சோர்வு படியாமல் போகவும் அது காரணமாகலாம். இத்தனை மாதத்தில் அவர் பல படி ஏறி இறங்கியிருந்தும் இந்தப் பரிசோதனை நடந்திருக்கவில்லை.

மகன் கேட்டவை

மகனை நான் பாராட்டத்தான் வேண்டும். 24 வயதுப் பையன், ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து, அம்மாவுக்காகத் தேடித் தேடிப் பார்த்திருக்கிறார். “கெட்டமின் போட்டா அன்னிக்கே சரியாயிடுமாமே மேடம்? இந்த மாத்திரைக்கு எதுக்கு எட்டு வாரம் காத்துங்கெடக்கணும்?” இது நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்லவேண்டும் என்று மருத்துவரே அவரோடு உட்கார்ந்தார்.

கெட்டமின் பல ஆண்டுகளாக அறுவை அரங்கில் மயக்கத்துக்குப் பயன்படுவது. 2000-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு ஒரு சிறு ஆய்வில், அதைக் குறைந்த அளவில் கொடுத்தால் மனச்சோர்வு சில மணி நேரத்திலேயே குறையத் தொடங்குவதைக் கண்டது. அது பெரிய கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு தடவை போட்டதன் பலன் ஒன்று, இரண்டு வாரத்தில் மங்கிவிடும். அதன் உறவான எஸ்கெட்டமின் மூக்கு ஸ்ப்ரேயை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 மார்ச்சில் அனுமதித்தது, மருந்துக்குப் படியாதவர்களுக்கு, வாய்வழி மாத்திரையோடு சேர்த்து. முதல் நாலு வாரம் வாரம் இரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரமாவது மருத்துவமனையிலேயே கண்காணிக்க வேண்டும், ஏனென்றால் ரத்த அழுத்தம் ஏறும், சுற்றியிருப்பது எட்டப் போன மாதிரி ஒரு மயக்க நிலை வரும். 2023-ல் வந்த ஓர் ஆய்வில் 676 பேரில் ஒரு பாதிக்கு எஸ்கெட்டமினும் மறு பாதிக்கு க்வெட்டியாபின் என்ற வேறொரு மனநல மருந்தும் பழைய மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தார்கள். எட்டாவது வாரத்தில் முழுமையாகத் தேறியவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 27 பேர், இரண்டாவதில் சுமார் 18 பேர். “அப்ப நூறுல எழுபது பேருக்கு எட்டு வாரத்துலயும் முழுசா ஆவலையா?” என்று மகன் கேட்டார். ஆமாம், ரொம்பவும் முற்றிய நிலையில் உள்ளவர்கள் அவர்கள், அந்த நிலையில் 27 என்பதே மதிப்புள்ள எண் என்றார் மருத்துவர். அடங்காத ரத்த அழுத்தம் உள்ள அம்மாவுக்கு இப்போது அதைக் கொடுப்பது ஆபத்து என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

மகனுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. மூளையில் செரட்டோனின் குறைவதால் மனச்சோர்வு என்பதே பொய்யாமே, அப்புறம் எதற்கு மாத்திரை? 2022-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, செரட்டோனின் குறைவுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது உண்மை. எங்கள் மருத்துவர் அதை மறுக்கவில்லை. மருந்து ஏன் வேலை செய்கிறது என்பது ஒரு கேள்வி, வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி என்று பிரித்துச் சொன்னார். இரண்டாவது கேள்விக்கு 2018-ல் 522 ஆய்வுகளை, ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் பேருக்கு மேற்பட்டோரின் தரவைச் சேர்த்துப் பார்த்தார்கள். 21 மருந்துகளும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேல் என்று வந்தது. ஆனால் வித்தியாசம் நடுத்தரம்தான்.

காந்த சிகிச்சை என்று மக்கள் சொல்லும் டி.எம்.எஸ். பற்றியும் பேசினோம். தலைக்கு வெளியே ஒரு கம்பிச் சுருளை வைத்து, மூளையின் முன்பக்க இடப்பகுதியைக் காந்தத் துடிப்பால் தூண்டுவது. மயக்கம் தர வேண்டாம், ரத்த அழுத்தப் பிரச்சினையும் இல்லை. அமெரிக்காவில் 2008 முதல் அனுமதி உண்டு. ஒரு அமர்வு 37 நிமிடத்துக்கு மேல் ஆகும். 2018-ல் கனடாவில் 414 பேரிடம் நடந்த ஆய்வு, மூன்று நிமிடத் துடிப்பு முறையும் அதற்குக் குறைந்ததல்ல என்று காட்டியது. ஆனால் வாரத்தில் ஐந்து நாள், நாலு முதல் ஆறு வாரம் போய்வர வேண்டும். இவருக்கு ஒருவேளை தேவைப்பட்டால் அடுத்த படி இதுதான் என்று எங்களுக்குத் தோன்றியது.

எடுத்த முடிவுகள்

கெட்டமின் இப்போது வேண்டாம். காந்த சிகிச்சை பட்டியலில் இருக்கட்டும். எட்டு வாரத்தில் 21 என்ற மதிப்பெண் பாதியாகக் குறையாவிட்டால், அதாவது 10-க்குள் வராவிட்டால், அனுப்பலாம். இதை ஒரு தாளில் தேதியோடு எழுதி மகன் கையில் கொடுத்தோம். ‘பார்க்கலாம்’ என்று வாயால் சொல்லியனுப்பினால் குடும்பத்துக்கு நம்பிக்கை போய்விடும். தேதி போட்ட தாள் இருந்தால் காத்திருப்பதற்கும் ஒரு அர்த்தம் வரும்.

எஸ்சிடலோபிராமை முதல் வாரம் 5 மி.கி., பிறகு 10 என்று, சாப்பாட்டுக்குப் பின் கொடுத்தோம். தைராய்டு குறைவுக்குத் தைராக்சின் மாத்திரை தொடங்கியது. இங்கே ஒரு சின்னச் சிக்கல். தைராக்சினை வெறும் வயிற்றில், தண்ணீரில் போடவேண்டும். டீ, காபிக்கு அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்புச் சத்து மாத்திரைக்கு நாலு மணி நேரம் தள்ளி இருக்கவேண்டும். இவரோ கண் விழித்ததும் டீயில்தான் எந்த மாத்திரையையும் போடுவார். படுக்கை ஓரத்தில் ஒரு சொம்புத் தண்ணீரும் அன்றைய ஒரே ஒரு தைராய்டு மாத்திரையும் மகன் வைத்துவிடுவது, இரும்பு மாத்திரை மதியச் சோற்றுக்கு அப்புறம் என்று ஏற்பாடானது. ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். அல்பிரசோலத்தை ஒரேயடியாக நிறுத்தினால் தூக்கம் கெட்டுப் பதற்றம் கூடும் என்பதால் கால் கால் மாத்திரையாக, வாரக்கணக்கில் குறைத்தார் மருத்துவர்.

இவற்றோடு, வாரம் ஒரு அமர்வு. அதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, இதை எழுத உட்கார்ந்ததற்கும் பாதிக் காரணம்.

நெத்திலிக் கூடை

புதிய ஆராய்ச்சி என்றால் புது மருந்து, புது கருவி என்றே நினைக்கிறோம். கோவாவில் மனநல ஆய்வாளர் விக்ரம் பட்டேல் குழு பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2016 கடைசியில் வெளிவந்தது. மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேச வைத்தார்கள். மூன்று மாதத்தில் தேறியவர்கள், அந்த அமர்வுகளைப் பெற்றவர்களில் நூற்றுக்கு 64. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39. அதே 2016-ல் இங்கிலாந்தில் 440 பேரிடம் நடந்த ஆய்வும், இந்த எளிய முறை நன்கு படித்த உளவியலாளர்கள் தரும் சி.பி.டி. என்ற, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சைக்குக் குறைந்ததல்ல, செலவும் குறைவு என்றது. வடசென்னைக்கு இதைவிடப் பொருத்தமான ஆராய்ச்சி முடிவு கடந்த பத்து ஆண்டில் வரவில்லை என்பது என் கருத்து.

முறை இதுதான். மனம் சரியானதும் வேலைக்குப் போகலாம் என்று உட்கார்ந்தால் உட்கார்ந்தே இருப்போம். ஆகவே முன்பு மனதுக்குப் பிடித்த, அர்த்தம் தந்த காரியத்தில் மிகச் சிறிய துண்டு ஒன்றை எடுத்து, மனம் எப்படி இருந்தாலும் குறித்த நேரத்தில் செய்வது. செய்த பிறகு மனம் எப்படி இருந்தது என்று பார்த்துக் குறிப்பது.

எங்களிடம் இதைச் செய்பவர் அதே பகுதியைச் சேர்ந்த, பிளஸ் டூ படித்த ஒரு பெண். வாரா வாரம் எங்கள் உளவியலாளர் அவருடைய அமர்வுகளைக் கேட்டுத் திருத்துவார். அந்தப் பெண் முதல் அமர்விலேயே கேட்டார்: “பெரிம்மா, மீன் வாங்குறதுல உங்களுக்கு எது புடிக்கும்?” நெடுநேரம் பதில் இல்லை. அப்புறம், “நெத்திலி வெள்ளி மாரி மின்னும், வந்தவுடனே பாக்கணும்” என்று பதில் வந்தது. அதுவரை நாங்கள் அவர் வாயிலிருந்து கேட்டதில் மிக நீளமான வாக்கியம் அது.

முதல் வார வேலை: சாயங்காலம் வாசல் திண்ணையில் பத்து நிமிடம் உட்காருவது. தண்டல்காரர் வரும் நேரம் என்பதால் இவர் வாசல் பக்கமே வருவதில்லை. ஆகவே நேரத்தை முன்னால் நகர்த்தினோம். இரண்டாவது வாரம்: ஓரகத்தியோடு துறைமுகம் வரை போய், எதுவும் வாங்காமல், ஒரு டீ குடித்துவிட்டு வருவது. அன்று பாதியில் திரும்பிவிட்டார். படிவத்தில் அதையும் அப்படியே எழுதினோம், துண்டைச் சின்னதாக்கினோம், துறைமுக வாசல் வரை மட்டும். நாலாவது வாரத்தில் மதிப்பெண் 17. ஐந்தாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓரகத்தி எடுத்த பங்கில் ஒரு சிறு கூடை நெத்திலியை மட்டும் தன் பழைய இடத்தில் வைத்து விற்றார். லாபம் சொற்பம். “எவ்ளோன்னு கேட்டாங்கோ, நான் வெல சொன்னேன். மறக்கல” என்றார். ஏலத்தில் கணக்கு மறந்து நின்ற அந்த நாளுக்குப் பிறகு அவரைத் தின்றுகொண்டிருந்த பயம் அதுதான் என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது. மூளையே கெட்டுவிட்டது என்று நினைத்திருந்தார்.

எட்டாவது வாரம்

மதிப்பெண் 11. தாளில் எழுதியது 10. டி.எஸ்.எச். 19-லிருந்து 7-க்கு வந்திருந்தது, இன்னும் இறங்கவேண்டும். எங்கள் கூட்டத்தில் இரண்டு கருத்து. எழுதிக் கொடுத்தபடி காந்த சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும், வார்த்தை மாறக்கூடாது என்றார் ஒருவர். 21, 17, 11 என்று இறங்கிக்கொண்டே இருக்கிறது, தைராய்டும் பாதி வழியில்தான், இன்னும் நாலு வாரம் பொறுக்கலாம் என்றார் மருத்துவர். இரண்டும் சரியான வாதம்தான்.

அவரிடமே கேட்டோம். வாரம் ஐந்து நாள் ஊருக்குள் போய்வர வேண்டும் என்றதும் அவர் சொன்னது: “இப்பதான் கையி தராசுக்கு வந்துகீது. இத வுட்டுட்டு நான் எங்க போறது?” வியாபாரத்தை விடுவதற்கு அவருக்கு மனம் வந்திருந்தால் எங்கள் முடிவு வேறாக இருந்திருக்கும். எஸ்சிடலோபிராமை 15 மி.கி. ஆக்கி, தைராக்சின் அளவையும் கூட்டி, நாலு வாரத்துக்குப் புதிய தேதி எழுதினோம். பன்னிரண்டாவது வாரம் 7. பொங்கலுக்குப் பிறகு 4. அதாவது முழுமையான தேறுதல் என்று ஆய்வுகளில் சொல்லும் எல்லைக்குள். அல்பிரசோலம் நின்றிருந்தது. வெள்ளிக்கிழமை கோயிலும் மீண்டது.

எது அவரைத் தேற்றியது? மாத்திரையா, தைராக்சினா, நெத்திலியா? மூன்றையும் ஒரே நேரத்தில் கொடுத்தோம், ஒரே ஆளில் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. பிரித்துப் பார்ப்பதற்காக ஒன்றை நிறுத்தி வைக்கும் நிலையில் அவர் வரவில்லை. இந்தக் குறிப்பை யாரும் காந்த சிகிச்சைக்கோ கெட்டமினுக்கோ எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அவற்றால்தான் உயிர் மீளும் நிலையில் உள்ளவர்களும் எங்களிடம் வருகிறார்கள், அவர்களை நாங்கள் தாமதிக்காமல் அனுப்புகிறோம்.

2025 ஜனவரியில் எஸ்கெட்டமினைத் தனியாகவே, மாத்திரை இல்லாமலும் தரலாம் என்று அமெரிக்காவில் அனுமதி வந்த செய்தியை மகன் எனக்கு அனுப்பியிருந்தார். கூடவே, “அம்மாவுக்கு இல்ல மேடம், சும்மா தெரிஞ்சுக்கத்தான்” என்று ஒரு வரி.

தடைக்காலம்

மார்ச்சில் அவர் தானாகவே மாத்திரைகளை நிறுத்திவிட்டார். நல்லாத்தானே இருக்கோம் என்ற எண்ணம். இரண்டு அமர்வுகளுக்கு வரவும் இல்லை. ஏப்ரல் முதல் வாரம் தலை சுற்றல், தலைக்குள் ஷாக் அடிக்கிற மாதிரி உணர்வு. இந்த மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் வருவது அது. தலையில் ஏதோ கட்டி என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். ஏப்ரல் 15-ல் தடைக்காலம் ஆரம்பித்தது. வியாபாரம் சுருங்கியது, தண்டல் பாக்கி ஏறியது. மே மாதம் ஓரகத்திதான் எங்களுக்குப் போன் செய்தார். பாதுகாப்புத் திட்டத்தில் முதல் பெயராக அவரை எழுதியது இதற்கு உதவியது. மதிப்பெண் 14.

மகன் மறுபடி கெட்டமின் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. மஞ்சப்பையோடு வந்தார்.

2021-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், மனச்சோர்வு மருந்தை நீண்ட நாள் சாப்பிட்டு, நிறுத்தலாம் என்ற அளவுக்கு நலமாக இருந்த 478 பேரைப் பின்தொடர்ந்தார்கள். ஒரு வருடத்துக்குள் மறுபடி மனச்சோர்வு வந்தவர்கள், மருந்தைத் தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு 39, படிப்படியாகக் குறைத்து நிறுத்தியவர்களில் 56. இந்த இரண்டு எண்ணையும் அவரிடம் அப்படியே சொன்னோம். நிறுத்திய எல்லாருக்கும் திரும்பவில்லை, தொடர்ந்தவர்களுக்கும் வராமல் இல்லை. அதனால் நிறுத்தவே கூடாது என்று இல்லை, எப்போது, எப்படி என்பதைச் சேர்ந்து முடிவு செய்வோம் என்றோம்.

பழைய அளவுக்குப் படிப்படியாகத் திரும்பினோம். இந்த முறை கணவரையும் அழைத்தோம். அதுவரை அவர் ஓரமாகவே இருந்தார், முதுகு வலியோடு, தன்னால்தான் எல்லாம் என்ற நினைப்போடு. அவருக்கும் அதே ஒன்பது கேள்விகளைக் கேட்டதில் 12 வந்தது. இப்போது அவரும் எங்களிடம் வருகிறார், அது தனிக் கதை. மகளிர் குழுவில் பேசி, தண்டலை அடைக்க வட்டி குறைந்த கடன் ஒன்று ஏற்பாடானது. அரசு தரும் தடைக்கால நிவாரணத் தொகை எந்தத் தவணைக்கு என்று முன்கூட்டியே பிரித்தார்கள். அந்தக் கணக்கைப் போட்டது அவரேதான், பேப்பர் இல்லாமல். ஜூலையில் 6, செப்டம்பரில் 4.

இப்போது

டி.எஸ்.எச். சரியான எல்லைக்குள் இருக்கிறது. ரத்த அழுத்தம் அடங்கியிருக்கிறது. தூக்கம் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. இருபது வருடமாக இரவு 2 மணிக்கு எழும் ஒருவருக்கு மாலை எட்டு மணிக்குள் படுக்க முடிந்தால்தான் அது திரும்பும், பத்துக்குப் பத்து வீட்டில் அது எளிதல்ல.

எங்கள் பிரிவில் சில நடைமுறைகளை மாற்றியிருக்கிறோம். முதல் முறை வரும்போதே வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுவரச் சொல்கிறோம். அட்டையில் திறந்த குழிகளை எண்ணுவதை விசாரணையின் ஒரு பகுதியாக்கியிருக்கிறோம். சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். மருந்துக்குப் படியவில்லை என்று யார் வந்தாலும் தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12, ரத்த அழுத்தம் பார்த்த பிறகுதான் அந்தப் பெயரை எழுதுகிறோம். நன்றாக இருக்கிறேன் என்று ஒருவர் முதல்முதலாகச் சொல்லும் நாளில், மருந்தைத் தானாக நிறுத்துவது பற்றி அன்றைக்கே பேசிவிடுகிறோம். அந்த மாதத்தில்தான் வரத்து நிற்கும், ஆகவே அப்போது நாங்களே போன் செய்கிறோம். நோயாளிக் குறிப்பில் ஒரு நாட்காட்டியும் சேர்ந்திருக்கிறது. மீனவர் வீடு என்றால் ஏப்ரல் 15, பிள்ளைகள் படிக்கும் வீடு என்றால் ஜூன் கட்டணம், தாழ்வான தெரு என்றால் நவம்பர், டிசம்பர். அந்தத் தேதிகளுக்கு முந்திய மாதமே ஒரு அமர்வு.

அவருடைய மருந்து 15 மி.கி. அளவிலேயே 2026 தடைக்காலம் முழுக்கத் தொடரும். ஜூன் 14-க்குப் பிறகு, படகுகள் போய்வரத் தொடங்கி இரண்டு மாதம் கழித்து மதிப்பெண் 5-க்குக் கீழேயே இருந்தால், முதல் குறைப்பு 10-க்கு. இந்தத் தேதியும் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. தாள் இப்போது அவரிடமே இருக்கிறது.